எண்ணெய் கிடைத்தாலும் பங்குதாரருக்குக் கிடைக்குமா?

துவாஸில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "உடன் வேலை செய்பவர் ஒருவர், சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் கேட்டலிஸ்ட் பிரிவில் இருக்கும் ஒரு சிறிய எண்ணெய், எரிவாயு ஆய்வு நிறுவனத்தின் பங்கை வாங்கச் சொல்கிறார். ஒரு பங்கு 3 காசு. மூன்று மாதத்தில் கிணறு தோண்டப் போகிறார்களாம். எண்ணெய் கிடைத்தால் பத்து மடங்கு ஏறும் என்கிறார். என் சேமிப்பு 40,000 சிங்கப்பூர் வெள்ளி. அடுத்த ஆண்டு மன்னார்குடியில் தங்கைக்குத் திருமணம். 15,000 வெள்ளி போடலாமா? கிணற்றின் முடிவு தெரிந்த பிறகு வாங்கினால் பிந்திவிடாதா?"

தம்பி, 15,000 வேண்டாம். தங்கையின் திருமணத்துக்கு நாள் குறித்த பிறகு அந்தப் பணத்துக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. எண்ணெய்க் கிணற்றுக்கு நம் வீட்டு முகூர்த்தம் தெரியாது. கிணறு தோண்டும் மேடையான ரிக் வருவது தள்ளிப்போகும், பருவக்காற்றில் ஆறு மாதம் நிற்கும், அரசின் அனுமதிக் கடிதம் ஒரு மேசையில் கிடக்கும். மூன்று மாதம் என்று சொன்ன கிணறு ஒன்றரை ஆண்டு கழித்துத் தொடங்கியதை நானே பார்த்திருக்கிறேன். மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் படித்தது நிலவியல். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடலில் ரிக்குகளில் வேலை செய்துவிட்டு, இப்போது ஈசூனில் குடும்பத்தோடு இருக்கிறேன். ரிக்கில் என் வேலை, கிணற்றின் அடியிலிருந்து வரும் பாறைத் துகள்களைப் பார்ப்பது. துளையிடும் முனை பாறையை நொறுக்கும். குழாய் வழியாக உள்ளே செலுத்தும் சேறு அந்தத் துகள்களைச் சுமந்துகொண்டு மேலே வரும். ஆழத்தைப் பொறுத்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஷேக்கர் சல்லடையில் ஒரு கை அள்ளி, கழுவி, தட்டில் பரப்பி, முதலில் நுண்ணோக்கியிலும் பிறகு புற ஊதா விளக்கின் கீழும் பார்ப்போம்.

ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். மணி இரண்டரை இருக்கும். சாம்பல் நிற மணற்கல் துகள்கள். விளக்கைப் போட்டதும் தட்டில் கால்வாசி பொன்மஞ்சளாக ஒளிர்ந்தது. சில தாதுக்களும் அப்படி ஒளிரும், குழாய்க்குப் போடும் மசகும் ஒளிரும். அதனால் எண்ணெயைக் கரைக்கும் திரவத்தை ஒரு சொட்டு துகள்மேல் விட்டேன். துகளிலிருந்து பால்போல் ஓர் ஒளி மெதுவாகப் பிரிந்து பரவியது. அது எண்ணெய்தான். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணத்தில் நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொள்ளும். இரண்டு நாளில் அந்தச் சிறிய நிறுவனம் சந்தைக்கு அறிவித்தது: இலக்கு அடுக்கில் எண்ணெய்த் தடயங்கள் தென்பட்டன. பங்கு விலை பாய்ந்தது. கரையில் இருந்த என் மைத்துனர் அன்று மதியமே வாங்கிவிட்டார்.

அவரிடம் நான் ஒரு வார்த்தையும் பேச முடியாது. ரிக்கில் தெரிந்ததை வெளியே சொல்வதும் அதை வைத்துப் பங்கு வாங்குவதும் குற்றம். நான்காம் நாள் கருவிகளைக் கிணற்றுக்குள் இறக்கி அளந்தோம். பாறையில் மின்சாரம் எளிதாகப் பாய்ந்தது; எண்ணெய் இருந்தால் அப்படிப் பாயாது. பாறைத் துளைகளில் இருந்தது உப்புநீர். ஒரு காலத்தில் அந்த மணற்கல்லில் எண்ணெய் தங்கியிருந்திருக்கிறது. பிறகு மேலே மூடியிருந்த மூடுபாறையில் பிளவு விழுந்து எல்லாம் கசிந்துபோய்விட்டது. பானையில் எண்ணெய் தீர்ந்த பிறகும் அடியில் பிசுக்கு ஒட்டியிருக்குமே, அதைத்தான் என் விளக்கு காட்டியது. சிமெண்ட் ஊற்றி அடைத்துவிட்டுக் கிளம்பினோம். நிறுவனத்தின் முதல் அறிவிப்பில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் மைத்துனர் போட்டதில் முக்கால்வாசி போய்விட்டது.

ஆகவே முதலில் இந்தச் சொற்களைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள். "தடயம்" வேறு, "கண்டுபிடிப்பு" வேறு, "வணிகரீதியான கண்டுபிடிப்பு" வேறு, "இருப்பு" வேறு. எண்ணெய்ப் பொறியாளர்கள் சங்கமும் பிற தொழில் அமைப்புகளும் 2007இல் வகுத்து 2018இல் திருத்திய வகைப்பாடு ஒன்று உண்டு. அதில் மூன்று படிகள். இன்னும் துளையிடாத, இருக்கலாம் என்று மதிப்பிடும் வளம் அடிப்படி. கிணறு தோண்டிக் கண்டுபிடித்தும் சந்தை, பணம், அனுமதி என்று ஏதோ ஒரு காரணத்தால் எடுக்க முடியாமல் நிற்கும் வளம் நடுப்படி. எடுக்கும் திட்டம் உறுதியாகி, லாபமாக எடுக்கக்கூடியது மேல்படி. அதற்கு மட்டுமே "இருப்பு" என்று பெயர். இருப்பிலும் 1பி, 2பி, 3பி என்று மூன்று எண்கள் வரும். 1பி என்பது அதற்குக் குறையாமல் கிடைக்க 90 விழுக்காடு வாய்ப்புள்ள அளவு; 2பிக்கு 50 விழுக்காடு; 3பிக்கு 10 விழுக்காடுதான். விளம்பரத் தாளில் எந்த எண் பெரிய எழுத்தில் இருக்கிறது, எந்தப் படியைச் சேர்ந்தது என்று பாருங்கள். உங்கள் நண்பர் சொல்லும் நிறுவனம் இனிமேல்தான் தோண்டப் போகிறது என்றால், அது அடிப்படியில் நிற்கிறது.

அந்த அடிப்படியில் வாய்ப்பு எப்படிக் கணக்காகிறது தெரியுமா? எண்ணெய் உருவாகும் மூலப்பாறை வேண்டும், அதைத் தேக்கும் துளைப்பாறை வேண்டும், தப்பிப் போகாத வடிவம் வேண்டும், மேலே இறுக்கமான மூடுபாறை வேண்டும். நான்கும் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 80, 80, 70, 60 விழுக்காடு கொடுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பெருக்கினால் 27 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். நான்கில் ஒரு கிணறு என்பதே இந்தத் தொழிலில் மதிக்கத்தக்க வாய்ப்பு. சுற்றுவட்டாரத்தில் இதுவரை யாரும் எண்ணெய் காணாத புதிய கடற்பகுதி என்றால் அதிலும் குறையும்.

உங்களைப் போல ஜூரோங் தீவிலும் துவாஸிலும் வேலை செய்பவர்களுக்கு இது மனத்தில் பதிய நேரமாகும். சிங்கப்பூர் மண்ணில் எண்ணெய் கிடையாது. ஆனாலும் 1961இல் புக்கோம் தீவில் முதல் சுத்திகரிப்பு ஆலை தொடங்கியதிலிருந்து எண்ணெய் நமக்கு அன்றாடக் காட்சி. உலகக் கடல்களில் நிற்கும் ரிக்குகள் எத்தனையோ இங்குள்ள தளங்களில் நம் ஊர்க்காரர்கள் பற்றவைத்தவை. ஆலையில் கச்சா எண்ணெய் குறித்த நாளில் கப்பலில் வந்து இறங்கும். அந்த நிச்சயத்தைப் பார்த்துப் பழகிய கண், கடலடிப் பாறைக்கும் அதே நிச்சயத்தைக் கொடுத்துவிடுகிறது.

இதுவரை சொன்னது பாறையைப் பற்றி. ஆனால் பாறை பார்த்தே வாழ்ந்த நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் பாறையில் இல்லை. ஆய்வு நிறுவனத்தின் பங்கை வாங்குவதற்கு முன் அதன் வரைபடத்தைப் பார்க்காதீர்கள். அதன் கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று பாருங்கள். இந்த நிறுவனங்களுக்கு விற்க எண்ணெய் கிடையாது. அவை விற்பது ஒன்றே ஒன்றுதான், புதிய பங்கு. நில அதிர்வு ஆய்வுக்குப் பங்கு விற்பார்கள், கிணற்றுக்கு விற்பார்கள். எண்ணெய் கிடைக்காவிட்டால் அடுத்த கிணற்றுக்கு விற்பார்கள். கிடைத்தால்? அப்போதுதான் இன்னும் அதிகம் விற்க வேண்டும். கண்டுபிடித்ததை உறுதிசெய்ய இரண்டு மூன்று மதிப்பீட்டுக் கிணறுகள், பிறகு மேடை, குழாய், சேமிப்புக் கப்பல். ஆய்வுக் கிணற்றுக்கு ஆனதைப் போலப் பல மடங்கு பணம் வேண்டும்.

உங்கள் 15,000 வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். 3 காசு விலையில் 500,000 பங்கு கிடைக்கும். நிறுவனத்தில் மொத்தம் 1,000 மில்லியன் பங்குகள் என்று வையுங்கள். உங்கள் பங்கு 0.05 விழுக்காடு. கேட்டலிஸ்ட் விதிப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொது அனுமதித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றிக்கொண்டால், இயக்குநர்கள் மொத்தப் பங்கில் 50 விழுக்காடு வரை புதிய பங்குகளைப் பழைய பங்குதாரர்களுக்குக் கொடுக்காமல் வெளியாருக்கே ஒதுக்கலாம். சந்தை விலையிலிருந்து 10 விழுக்காடு வரை தள்ளுபடியும் கொடுக்கலாம். முதன்மைப் பிரிவில் இந்த வரம்பு 20 விழுக்காடுதான். ஒரு முறை முழுமையாகப் பயன்படுத்தினால் பங்குகள் 1,500 மில்லியன். உங்கள் பங்கு 0.033. அடுத்த ஆண்டு இன்னொரு முறை என்றால் 2,250 மில்லியன், 0.022. அதன் பிறகு எண்ணெய் கிடைத்தாலும், நீங்கள் முதலில் நினைத்த லாபத்தில் பாதிகூட உங்களுக்கு வராது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. எல்லாம் விதிப்படி, நீங்கள் வாக்களிக்கக்கூடிய ஒரு தீர்மானத்தின்படியே நடந்திருக்கும். அந்தத் தீர்மானம் கூட்ட அறிவிப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பெரும்பாலானோர் அதுவரை படிப்பதில்லை.

உரிமைப் பங்கு வெளியீடு வந்தால் நிலைமை வேறு விதம். பழைய பங்குதாரர் எல்லோருக்கும் வாங்கும் உரிமை உண்டு, அது நியாயம்தான். ஆனால் வாங்கப் பணம் இல்லாதவரின் பங்கு விகிதம் மெலிந்துபோகும். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மீதத்தில் வாழும் நம் ஆட்களுக்கு அந்தக் கடிதம் வரும் நேரத்தில் கையில் பணம் இருக்காது. ஆகவே இப்படிப்பட்ட பங்கில் 2,000 வெள்ளி போடுகிறவர், இன்னொரு 2,000 வெள்ளியைப் பக்கத்தில் தனியாக வைத்திருந்தால்தான் முதல் 2,000க்குப் பாதுகாப்பு.

எண்ணெய் கிடைத்தும் பங்குதாரருக்குக் கிடைக்காமல் போன கதைக்கு எங்கோ தேட வேண்டாம். கிரிஸ்எனர்ஜி என்ற நிறுவனம் 2013 ஜூலையில் நம் சந்தையின் முதன்மைப் பிரிவில் பங்கு ஒன்றுக்கு 1.10 வெள்ளி விலையில் பட்டியலிடப்பட்டது. அதை நிறுவியவர்கள் புதியவர்கள் அல்லர். முன்பு பேர்ல் எனர்ஜி என்ற நிறுவனத்தை 2005இல் இங்கே பட்டியலிட்டு, அடுத்த ஆண்டே அதை அபுதாபி நிறுவனம் ஒன்று வாங்கும் அளவுக்கு வளர்த்தவர்கள். பின்னால் கெப்பல் போன்ற பெரிய பங்குதாரரும் இருந்தார். அனுபவம், பெயர், பின்பலம் மூன்றும் உண்டு. கம்போடியக் கடலில் ஏ பிளாக் என்ற பகுதியில் எண்ணெய் இருப்பதை ஷெவ்ரான் 2005இலேயே கண்டறிந்திருந்தது. அந்தப் பகுதியில் ஷெவ்ரானுக்கு இருந்த பங்கை 2014இல் கிரிஸ்எனர்ஜி வாங்கியது. எண்ணெய் அங்கே உண்டு என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் 2014 ஜூனில் பீப்பாய் 115 டாலர் அளவில் இருந்த, உலக விலைக்கு அளவுகோலான பிரெண்ட் எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. கடன் ஏறியது. உரிமைப் பங்கு வெளியிட்டார்கள், கடன் பத்திரங்களை மாற்றியமைத்தார்கள். 2019 ஆகஸ்டில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். பங்கு வர்த்தகம் நின்றது. இத்தனைக்கும் நடுவில் 2020 டிசம்பர் கடைசியில் அப்சரா வயலில் முதல் எண்ணெய் வந்தது. கம்போடியாவின் வரலாற்றிலேயே முதல் எண்ணெய். பிரதமர் ஹுன் சென் அறிவித்துக் கொண்டாடினார். ஐந்து கிணறுகளிலிருந்து நாளொன்றுக்கு 7,500 பீப்பாய் வரை எதிர்பார்த்தார்கள். வந்தது அதில் பாதி அளவுக்கும் குறைவு. 2021 ஜூனில் நிறுவனம் கலைப்புக்குப் போய்விட்டது. சேமிப்புக்காக நின்ற ஸ்ட்ரோவோலோஸ் என்ற கப்பல் ஏறத்தாழ 300,000 பீப்பாய் எண்ணெயோடு கம்போடியக் கடலைவிட்டுப் போய், இந்தோனேசியக் கடற்படையிடம் பிடிபட்டது.  1.10 வெள்ளிக்கு வாங்கி வைத்திருந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களில் ஓய்வுபெற்றவர்கள் இருந்தார்கள். பாறை எதிர்பார்த்த அளவு கொடுக்கவில்லை, ஆனால் முழுவதும் கைவிடவும் இல்லை. 2005இல் எண்ணெய் இருந்தது, 2020இலும் இருந்தது. இடையில் பணமும் காலமும் தீர்ந்துபோயின.

இதற்கு எதிரான உதாரணமும் சொல்லத்தான் வேண்டும். ரெக்ஸ் இன்டர்நேஷனல் அதே 2013 ஜூலையில் கேட்டலிஸ்டில் 50 காசு விலையில் வந்தது. 2014 தொடக்கத்தில் ஓமான் கடலில் கண்டுபிடிப்பு அறிவித்தது. அங்கே முதல் எண்ணெய் வந்தது 2020 பிப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு கட்டத்தில் பங்கு 10 காசுக்கும் கீழே போனது. நிறுவனம் பிழைத்தது, உற்பத்தி நிறுவனமாக மாறியது. ஆனால் 50 காசில் வாங்கியவரும் 6 காசில் வாங்கியவரும் ஒரே நிறுவனத்தில் இரு வேறு அனுபவம் பெற்றார்கள்.

மன்னார்குடிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லாத ஆபத்து ஒன்று உண்டு, உரிமம். உங்கள் ஊர் பெயரிலேயே ஒரு நிலக்கரிப் படுகை மீத்தேன் பிளாக் 2010இல் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. நெல் விளையும் மண்ணைக் காக்க விவசாயிகள் எழுந்து நின்றார்கள், திட்டம் நடக்கவில்லை. 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் போராட்டம். 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டமே வந்து, புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கு அங்கே தடை விழுந்தது. நான் அந்த விவசாயிகள் பக்கம்தான். ஆனால் பங்கு வாங்குபவர் கண்ணால் பாருங்கள்: கையில் இருந்த உரிமம் வெறும் காகிதமாகிவிட்டது. உங்கள் நண்பர் சொல்லும் பிளாக் இருக்கும் கரையிலும் மீனவர் உண்டு, விவசாயி உண்டு, தேர்தல் உண்டு. உரிமம் எப்போது காலாவதியாகிறது, அதற்குள் எத்தனை கிணறு தோண்டுவதாக அரசுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், தோண்டாவிட்டால் எவ்வளவு அபராதம் என்பதையெல்லாம் ஆண்டறிக்கையில் தேடுங்கள். காலாவதி நெருங்கும் உரிமத்தில் அவசரமாகத் தோண்டப்படும் கிணறு, நல்ல இடம் என்பதற்காகத் தோண்டப்படுவதாக இருக்காது.

இலங்கையின் மன்னார்ப் படுகையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2011 அக்டோபரில் கெய்ர்ன் என்ற எண்ணெய் நிறுவனம் அங்கே டொராடோ கிணற்றில் எரிவாயு கண்டது. அடுத்த மாதமே பாராகூடா கிணற்றிலும். தமிழ்ப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழ்கடல். கரையில் அந்த வாயுவை வாங்கப் பெரிய சந்தையும் இல்லை. சில ஆண்டுகளில் கெய்ர்ன் வெளியேறிவிட்டது. எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கும் விற்கலாம். எரிவாயுவுக்குக் குழாயும் வாங்குபவரும் முதலில் வேண்டும். இதை நிறுவனங்கள் எரிவாயுவை "எண்ணெய்க்கு இணையான பீப்பாய்" என்று மாற்றிச் சொல்லும்போது நினைவில் வையுங்கள். 6,000 கன அடி வாயுவை ஒரு பீப்பாய் என்று கணக்கிடுவார்கள். எரிசக்தியில் அது சரி. விலையில் ஒரு பீப்பாய்க்குச் சமமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் நண்பர் காப்பிக்கடையில் காகிதத்தில் போட்டுக் காட்டியிருக்கக்கூடிய கணக்கை நானும் போட்டுப் பார்க்கிறேன். 100 மில்லியன் பீப்பாய், பீப்பாய் 70 அமெரிக்க டாலர், ஆக 7 பில்லியன் டாலர்; நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்போ வெறும் 30 மில்லியன் வெள்ளி. கேட்டதும் கை துறுதுறுக்கும். இப்போது ஒவ்வொன்றாகக் கழியுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், முறையைப் பாருங்கள். அந்த 100 மில்லியன் பாறைக்குள் இருப்பது என்றால், மேலே கொண்டுவரக்கூடியது 30 மில்லியன் என்று வைப்போம். பிளாக்கில் நிறுவனத்தின் பங்கு 20 விழுக்காடு, 6 மில்லியன். உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தப்படி அரசுக்குப் பாதி போனால் 3 மில்லியன். எல்லாச் செலவும் போய், பல ஆண்டு காத்திருப்பதற்கான தள்ளுபடியும் போய், இன்றைய மதிப்பில் பீப்பாய்க்கு 10 டாலர் நின்றால் 30 மில்லியன் டாலர். கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, 7.5 மில்லியன். கிணறு வறண்டுபோனால் நிறுவனத்துக்கு 4 மில்லியன் நட்டம். அதற்கு வாய்ப்பு நான்கில் மூன்று. 3 மில்லியனைக் கழியுங்கள். மிஞ்சுவது 4.5 மில்லியன் டாலர். 7 பில்லியனில் தொடங்கி இங்கே வந்து நிற்கிறோம். 30 மில்லியன் வெள்ளி மதிப்புக் கொடுத்துச் சந்தை ஏற்கெனவே அளவுக்கு மீறி ஆசைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கில் எண்ணெய் விலையையும் நான் அசைக்கவில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் ஒரு பீப்பாய் கழித்தல் 37.63 டாலரில் முடிந்தது. விற்றவர் வாங்கியவருக்குப் பணம் கொடுத்தார்.

சரி, நல்ல சிறிய நிறுவனமே கிடையாதா? உண்டு. அதற்கு ஓர் அடையாளத்தைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்: சொந்தமாக நிலவியலாளர் படையே வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒன்று, அந்தப் பிளாக்கின் தரவுகளைப் பார்த்துவிட்டு, ஒரு பங்கை வாங்கி, சிறிய நிறுவனத்தின் கிணற்றுச் செலவையும் தானே ஏற்றிருக்கிறதா? அப்படி ஒருவர் உள்ளே வந்தால், தரவைப் பார்த்த வெளியார் ஒருவர் தன் சொந்தப் பணத்தை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நிறுவனத்துக்கும் புதிய பங்கு விற்கும் அவசரம் குறையும். இரண்டாவதாக, சிறியதானாலும் எங்கேயாவது உற்பத்தி இருக்கிறதா என்று பார்ப்பேன். நாளொன்றுக்கு சில நூறு பீப்பாய் விற்றால்கூட அலுவலகச் செலவுக்குப் பங்கு விற்க வேண்டியதில்லை. மூன்றாவதாக, இயக்குநர்கள் சம்பளமாக எவ்வளவு எடுக்கிறார்கள், சந்தையில் சொந்தப் பணத்தில் பங்கு வாங்கியிருக்கிறார்களா? கிணற்றுச் செலவைவிட நிர்வாகச் செலவு அதிகமாக ஓடும் நிறுவனங்களை நான் பார்த்ததுண்டு. அங்கே தோண்டப்படுவது பங்குதாரரின் பைதான்.

இவற்றையெல்லாம் படிக்க வழி இருக்கிறது. சிங்கப்பூரில் பட்டியலிடப்பட்ட கனிம, எண்ணெய், எரிவாயு ஆய்வு நிறுவனங்கள், அந்தக் காலாண்டில் பணத்தை எதற்குச் செலவழித்தன, அடுத்த காலாண்டில் எதற்கு எவ்வளவு செலவழிக்கப் போகின்றன என்று அறிவிக்க வேண்டும். இரண்டே பக்கம். கையிருப்பை அடுத்த காலாண்டுச் செலவால் வகுத்துப் பாருங்கள்; ஒன்றரை, இரண்டு காலாண்டு என்று விடை வந்தால், புதிய பங்கு வெளியீடு வாசலில் நிற்கிறது. ஆஸ்திரேலியச் சந்தையில் இருக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கு அந்த வகுத்தலை அறிக்கையிலேயே போட்டுக் காட்ட வேண்டிய விதி இருக்கிறது. அடுத்து, ஆண்டறிக்கையில் தணிக்கையாளரின் கடிதம். "நிறுவனம் தொடர்ந்து இயங்குவது பற்றிக் கணிசமான ஐயம்" என்ற பொருளில் ஒரு பத்தி இருந்தால், அதை இரண்டு முறை படியுங்கள்.

பட்டியலிடப்படாத எண்ணெய் முதலீடு யாராவது கொண்டுவந்தால், பேச்சே வேண்டாம். ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம், தூர நாட்டுக் கிணற்றில் பங்கு, மாதம் தவறாமல் வருமானம் என்று உறுதி. நம் மக்கள் சேர்த்த காசு இப்படிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கிணறும் மாதாமாதம் ஒரே அளவு கொடுக்காது. முதல் நாளிலிருந்தே அழுத்தம் குறையத் தொடங்கும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் இருக்கிறது. இரண்டிலும் தேடுங்கள். எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதே நல்லவர் என்ற சான்றாகிவிடாது.

எவ்வளவு போடலாம் என்று கேட்டால், திருமணப் பணத்தையும் ஆறு மாதக் குடும்பச் செலவையும் எடுத்து வைத்த பிறகு, முழுவதும் போனாலும் அம்மாவிடம் சொல்லத் தயங்காத தொகை. உங்கள் நிலையில் அது 2,000 வெள்ளிக்கு மேல் போகாது என்பது என் கணிப்பு. அதிலும் பாதியை இப்போது, பாதியைப் பின்னால். கடன் வாங்கியோ, தரகரிடம் பணம் கட்டாமல் சில நாளில் விற்றுவிடலாம் என்ற எண்ணத்திலோ இந்தப் பங்குகளைத் தொடாதீர்கள். மோசமான செய்தி வரும் நாளில் காலையிலேயே வர்த்தகத்தை நிறுத்திவைப்பார்கள். மீண்டும் திறக்கும்போது விலை பாதியாக இருக்கும். இடையில் விற்க வழி கிடையாது.

கடைசியாக, கிணற்றின் முடிவு தெரிந்த பிறகு வாங்கினால் பிந்திவிடாதா என்ற கேள்வி. முதல் பாய்ச்சலைத் தவறவிடுவீர்கள், அது உண்மை. ஆனால் நான்கில் மூன்று தடவை அந்தப் பாய்ச்சல் பள்ளத்தில்தான். உண்மையான கண்டுபிடிப்பு என்றால் நேரம் தாராளமாக இருக்கும். ராஜஸ்தானில் கெய்ர்ன் நிறுவனம் மங்களா வயலைக் கண்டது 2004 ஜனவரியில். இந்தியாவில் அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய நிலப்பரப்புக் கண்டுபிடிப்பு. முதல் எண்ணெய் 2009 ஆகஸ்டில் வந்தது. ஓமானில் ஆறு ஆண்டு, கம்போடியாவில் பதினைந்து. இந்த நீண்ட இடைவெளியில் மதிப்பீட்டுக் கிணறுகள் வரும், ஓட்டச் சோதனை வரும், எண்ணெய் விலை ஒரு முறையாவது சரியும், நிறுவனம் பணத்துக்கு அலையும். தடயம் என்பதைத் தாண்டி, சோதனையில் நாளொன்றுக்கு இத்தனை பீப்பாய் மேலே ஓடியது என்ற அறிவிப்பு வந்த பிறகும், வளர்ச்சிக்கு வேண்டிய பணத்தை யார் கொடுக்கிறார் என்று தெரிந்த பிறகும் உள்ளே போகலாம். விலை கூடுதலாக இருக்கும். உங்களுக்குத் தெரிந்திருப்பதும் கூடுதலாக இருக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அந்த நிறுவனத்தின் கடைசிக் காலாண்டுப் பணப் பயன்பாட்டு அறிவிப்பைப் பங்குச் சந்தையின் இணையத்தளத்திலிருந்து எடுத்து எனக்கு அனுப்புங்கள். கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று இருவரும் சேர்ந்து வகுத்துப் பார்ப்போம்.